நிகர எடை

பீடோர் ஆலை வாசலில்
லோரி உள்ளே வரும்போது ஒரு எடை,
செம்பனைக் குலைகளைக் கொட்டிவிட்டுப் போகும்போது ஒரு எடை.
கழித்து எழுதுவதுதான் என் உத்தியோகம்,
பதினாறு வருஷமாக.
வீட்டுக்கு வந்தால் இன்னொரு தராசு.
உள்ளங்கை அகலம்.
டன் என்றால் என்னவென்று தெரியாதது.

வெண்ணெய் இருபத்தெட்டு கிராம்.
அடித்த முட்டை பதினெட்டு.
கங்கோங் கீரை ஒன்பது, தண்டு நீக்கி.
தேங்காய்ப்பால் முதல் பால் மட்டும்.
கிண்ணத்தில் ஒட்டியதை ரப்பர் கரண்டியால் வழித்து
அதையும் அவளுக்கு ஊட்டிவிட வேண்டும்.
ஈப்போ ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொன்னார்கள்:
கொழுப்பு நாலு பங்கு,
மற்றதெல்லாம் சேர்ந்து ஒரு பங்கு,
ஒட்டிக்கொண்டதும் கணக்கில் உண்டு.

கிஷாலினிக்கு ஆறு வயதில்
நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை
கண் நிலைகுத்தும்.
விழமாட்டாள். நுரை தள்ளாது.
பேச்சு பாதியில் நிற்கும்,
கரண்ட் போன வீட்டுக் காற்றாடி மாதிரி.
பிறகு அவளே கேட்பாள்:
"என்னம்மா சொன்ன?"

மருந்து மூன்று மாற்றினோம்.
மூன்றாவதில், மேசைமேல் தலைவைத்து
இரண்டாம் வகுப்பு முழுவதும் தூங்கினாள்.
எட்டு எழுத்தில் ஒரு சொல் கொடுத்தால்
மூன்றைக் கொண்டுவருவாள்.
மீதி எங்கே என்று கேட்டால்
பையைத் திறந்து பார்ப்பாள்.

அப்புறம்தான் இந்தச் சாப்பாடு.
முதல் வாரம் வாந்தி.
இரண்டாம் வாரம் என்னை
கடன் வசூலிக்க வந்தவளைப் போலப் பார்த்தாள்.
ஊரோ கொய்யா விற்கும் ஊர்.
சாலை நெடுக
புளிப்பு மாவு தூவி நறுக்கிய பொட்டலங்கள்.
பஸ்ஸில் ஜன்னல் ஓரம் நான் உட்கார்ந்துகொள்வேன்.

மூன்று வருஷம், நாலு மாதம்.
கண் நிலைகுத்துவது மாதத்துக்கு ஒன்று,
அதுவும் காய்ச்சல் வந்தால்.
தசமக் கணக்கை வகுப்பில் நடத்துமுன்
தராசில் படித்துவிட்டாள்.
உறவுக்காரர் போன் நம்பரெல்லாம்
அவளிடம்தான் கேட்கிறோம்.
உயரம் மட்டும் ஏறவில்லை,
பள்ளிச் சீருடை மூன்றாவது ஆண்டாக அதேதான்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை
சிறுநீரகத்தில் கல் உண்டா என்று பார்க்கிறார்கள்.

"கொழுப்பாலா டாக்டர்,
வலிப்பு குறைந்ததாலா,
தூக்க மருந்தை நிறுத்தியதாலா?"
அவர் பேனாவை மூடித் திறந்தார்.
"வயசும் ஏறுதில்லையா," என்றார்.
"பிரிச்சுச் சொல்ல முடியலம்மா.
பத்து வருஷத்துக்கு அப்புறம் எப்படின்னு கேட்டா
அதுவும் தெரியாது."
அவள் அப்பா குணாளனுக்குச் சந்தேகமே இல்லை.
தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்தது அவர்.

நேற்று ராத்திரி
வெண்ணெயை வெட்டிக்கொண்டிருந்தேன்.
பக்கத்தில் நின்று சொன்னாள்:

"ஒண்ணாம் வகுப்புல ஒரு நாள்,
'ழ' எழுதச் சொன்ன.
பென்சில பிடிச்சிட்டுச் சும்மா இருந்தேன்.
நீ கூப்பிட்டது கேக்கல.
அடிச்சது மட்டும் தெரியும்.
இந்தக் கன்னம்.
டிவியில யாரோ மீன் பொரிச்சாங்க."

அழவில்லை.
எட்டாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரல்.

அது வலிப்பு என்று எனக்குத் தெரியாத மாதம்.
அந்த நாள் அவளிடம் இல்லை என்று நினைத்திருந்தேன்.
நோய் தின்றுபோன நாட்களோடு
அதுவும் போயிருக்கும் என்று,
இதை யாரிடமும் சொன்னதில்லை,
கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தேன்.

இவளுக்கு எல்லாம் நினைவிருக்க வேண்டும் என்றுதானே
ஆயிரத்துச் சொச்சம் நாள்
கிராம் கிராமாக நிறுத்தேன்.
எது வரலாம் எது வரக்கூடாது என்று
அங்கே நான் யாரை நிறுத்தி வைப்பது.

மன்னிச்சிடு என்றேன்.
அவள் தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
எண் முப்பத்தொன்று,
முப்பத்து நான்கு,
திரும்ப முப்பத்தொன்று.

"கைய எடும்மா," என்றாள்.
"உன் கையும் சேர்ந்து காட்டுது."